அமாவாசையில் விரியும் வானம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



‘இளைஞர்களும் இரவு நேரமும்’ என்பது இன்றைய கருத்தரங்கின் தலைப்பு. இதைக் கேட்டவுடன் பலரின் மனத்தில் என்ன தோன்றும் என்பது தெரிந்ததே. நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயம், விடிய விடிய அரட்டை, குண்டர் கும்பல் சகவாசம். இவையெல்லாம் இல்லை என்று மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அதே இரவு நேரத்தில் நெடுந்தூரம் காரோட்டிச் சென்று, ஆளரவமற்ற கடற்கரையில் கொசுக்கடி பட்டுக்கொண்டு, வானத்தைப் படம் பிடிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இந்த உரை அவர்களைப் பற்றியது.

இத்துறையில் புதிதாக இறங்குபவர்களில் பெரும்பாலோர் முதல் இரவிலேயே ஏமாற்றம் அடைகிறார்கள். “கேமரா சரியில்லை, இதைவிட விலை உயர்ந்தது வேண்டும்” என்று முடிவு கட்டுகிறார்கள். இல்லையென்றால், “இது நமக்கு ஒத்து வராது” என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தவறான முடிவு. முதல் படம் கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் கருவி அன்று. இருட்டு எங்கே இருக்கிறது, எந்த நாளில் போக வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தெரியாததுதான் காரணம். அந்த மூன்றையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. நல்ல நண்பர்களிடமும், சில வேளைகளில் வீட்டுப் பெரியவர்களிடமும்தான் அவை கிடைக்கும்.

வானம் தொலைந்த ஊர்கள்

ஜொகூர் பாருவில் வளரும் ஒரு பிள்ளையிடம் வானத்தில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று கேட்டால், விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடும். காரணம் எளியது. ஒரு பக்கம் சொந்த நகரத்தின் வெளிச்சம். மறுபக்கம், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் வெளிச்சம்.

2016-ஆம் ஆண்டில் அனைத்துலக ஆய்வாளர்கள் செயற்கை ஒளியால் வானம் எந்த அளவு வெளுத்திருக்கிறது என்பதைக் காட்டும் உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் ஒளி மாசு மிகுந்த நாடாகக் குறிக்கப்பட்டது சிங்கப்பூர். இரவுப் பார்வைக்குக் கண் முழுமையாகப் பழக முடியாத அளவுக்கு வெளிச்சமான வானத்தின் கீழ் அந்நாட்டு மக்கள் அனைவரும் வாழ்கிறார்கள் என்று அவ்வாய்வு கூறியது. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தாங்கள் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடிவதில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதைவிடக் கவலை தருவது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் அனுப்பிய 50,000க்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்துக் கணக்கிட்டதில், இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடி வருவது தெரிந்தது. ஒரு குழந்தை பிறக்கும்போது 250 நட்சத்திரங்கள் தெரியும் ஊரில், அக்குழந்தைக்கு 18 வயதாகும்போது 100தான் தெரியும் என்று அந்த ஆய்வாளர்கள் உதாரணம் சொன்னார்கள்.

ஆக, வானத்தைப் படம் பிடிக்கும் ஆசை வெறும் பொழுதுபோக்கு அன்று. கண்முன்னே தேய்ந்துகொண்டிருக்கும் ஒன்றைத் தேடிப் போகும் ஆசை அது.

பௌர்ணமியில் போன நால்வர்

ஜொகூர் பாருவைச் சேர்ந்த நான்கு நண்பர்களின் அனுபவத்தை இங்கே எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருப்பவர். இவர்தான் புதிதாகக் கேமரா வாங்கியவர். இன்னொருவர் திருமண நிகழ்ச்சிகளுக்குப் படம் எடுப்பவர். மூன்றாமவர் பள்ளி ஆசிரியர். வானியல் நூல்களில் நாட்டமுடையவர். நான்காமவர் நாள்தோறும் எல்லையைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டுத் திரும்புபவர். கார் அவருடையது.

தொழில்நுட்பர் கேமராவைத் தவணை முறையில் வாங்கினார். அதுவே வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. “சம்பளத்தில் பாதி காருக்குப் போகிறது, மீதியும் இதற்கா?” என்று தந்தை கேட்டார். போதாக்குறைக்கு, “ராத்திரி நேரத்தில் கடற்கரையில் என்ன வேலை?” என்ற கேள்வி வேறு.

இத்தனைக்கும் நடுவில், வந்த முதல் சனிக்கிழமையே இவர் புறப்பட்டுவிட்டார். ஆசிரியருக்கு அன்று வேறு வேலை இருந்ததால் மற்ற மூவர் மட்டும் போனார்கள். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி வழியாக மெர்சிங்குக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இரண்டு மணி நேரப் பயணம். கடற்கரையில் தங்கும் விடுதி ஒன்றின் அருகே காரை நிறுத்தினார்கள். குளிரூட்டிய காரிலிருந்து கேமராவை எடுத்த உடனே, கடற்கரையின் ஈரக்காற்று பட்டு லென்ஸ் முழுவதும் பனி படர்ந்தது. துடைக்கத் துடைக்க மறுபடியும் படர்ந்தது. அது அடங்கியதும் கையில் பிடித்தபடியே வானத்தை நோக்கி அழுத்தினார். தானியங்கி ஃபிளாஷ் பளிச்சென்று அடித்தது. ஃபிளாஷை அடைத்ததும் கேமரா படமே எடுக்க மறுத்தது. எதைக் குறிவைப்பது என்று தெரியாமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. எப்படியோ எடுத்த சில படங்களிலும் சாம்பல் நிற வானத்தில் கோணல் மாணலான நான்கைந்து கோடுகள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை வீடு திரும்பியவர் கேமராவை விற்றுவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தார். அப்போது அவருடைய பாட்டி, சுவரில் மாட்டியிருந்த தினசரி நாட்காட்டியின் தாளைக் கிழித்துக்கொண்டே கேட்டார்:

“ஏய்யா, நேத்து பௌர்ணமியாச்சே. நிலா வெளிச்சத்துல போயி நட்சத்திரம் தேடுனா எப்படிய்யா தெரியும்? அமாவாசையில போங்கய்யா.”

மூன்று இளைஞர்களிடமும் கைத்தொலைபேசி இருந்தது. அதில் நிலவின் வளர்பிறை தேய்பிறை காட்டும் செயலிகளும் உண்டு. ஆனால், அதைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முழுநிலவின் ஒளி வானம் முழுவதும் பரவி மங்கலான விண்மீன்களை மூடிவிடும். எத்தனை விலை உயர்ந்த கேமராவும் அதை மாற்ற முடியாது.

தோட்டத்துப் பாட்டிக்குத் தெரிந்தது

அந்தப் பாட்டி வளர்ந்தது ரப்பர் தோட்டத்தில். அந்தக் காலத்துத் தோட்டங்கள் பலவற்றில் மின்சாரம் இருந்தாலும், குறிப்பிட்ட நேரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான். விடியும் முன்னே பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். அதன் பிறகு இருட்டோடு இருட்டாகப் பால்மரம் வெட்டப் போக வேண்டும். கடிகாரம் இல்லாத வீடுகளில் விடிவெள்ளிதான் நேரம் சொன்னது. வானத்தைப் பார்ப்பது அவர்களுக்குக் கலையும் அன்று, பொழுதுபோக்கும் அன்று. அன்றாட வேலையின் ஒரு பகுதி.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறங்களுக்கு வந்தபோது வேலை மாறியது, வீடு மாறியது. வானமும் கூடவே போய்விட்டது. கார்த்திகை, உரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, கேட்டை என்று பெயர்கள் மட்டும் மிஞ்சின. பிறந்த நட்சத்திரம் என்ன என்று கேட்டால் எல்லாரும் சொல்கிறார்கள். அதை வானத்தில் காட்டு என்றால் காட்டக்கூடியவர்கள் எத்தனை பேர்?

விருச்சிகத்தின் நடுவே சிவப்பாக ஒளிரும் விண்மீன்தான் கேட்டை. தலைக்கு மேல் வெண்மையாக மின்னுவது சித்திரை. அர்ச்சனைச் சீட்டில் எழுதும் பெயருக்கு உரியது உண்மையிலேயே வானத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்கும்போது இளைஞர்களுக்கு ஏற்படும் வியப்பு சாதாரணமானது அன்று.

கேமரா என்ன செய்கிறது?

புதியவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இரவு வானத்தைக் கேமரா ‘பார்ப்பதில்லை’, சேகரிக்கிறது. கூரையிலிருந்து மழைநீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளங்கையில் பிடித்தால் சில துளிகள்தான் நிற்கும். வாளி வைத்துக் காத்திருந்தால் நிறையும். மனிதக் கண் உள்ளங்கை, கேமரா வாளி.

வாளியை எவ்வளவு நேரம் வைப்பது என்பதுதான் ஷட்டர் திறந்திருக்கும் நேரம். வாளியின் வாய் எவ்வளவு அகலம் என்பது லென்ஸின் திறப்பு. எஃப் 3.5, எஃப் 2.8 என்று எண் குறையக் குறைய வாய் அகலமாகும். ஐஎஸ்ஓ என்ற எண்ணைக் கூட்டுவதால் புதிதாகத் தண்ணீர் வருவதில்லை. வந்ததைப் பெருக்கிக் காட்டுகிறது. அளவுக்கு மீறிக் கூட்டினால் மணல் தூவியதுபோல் படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

அப்படியானால் ஷட்டரை ஐந்து நிமிடம் திறந்து வைக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் பூமி குறுக்கிடுகிறது. பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தெரிகிறது. நேரம் நீண்டால் புள்ளிகள் கோடுகளாக இழுபட்டுவிடும். இதற்குப் படக்கலைஞர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். 500 என்ற எண்ணை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், எத்தனை விநாடி வரை திறந்து வைக்கலாம் என்பது கிடைக்கும். சிறிய உணரி உள்ள சாதாரண கேமராக்களில் குவியத் தூரத்தை முதலில் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். கேமராவோடு சேர்ந்து வரும் 18 முதல் 55 மில்லிமீட்டர் லென்ஸை 18இல் வைத்தால், 18 பெருக்கல் 1.5 என்பது 27. 500ஐ 27ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18 விநாடி. இது துல்லியமான விதி அன்று, தொடங்குபவர்களுக்குப் போதும்.

மற்றவையும் அப்படித்தான். முக்காலி கட்டாயம் வேண்டும். பொத்தானை விரலால் அழுத்தும்போது கேமரா ஆடாமலிருக்க, 2 விநாடி தாமதித்துப் படம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிட்டு, ஒளிமிக்க ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை லென்ஸைக் கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். கேமராவைக் குளிரூட்டிய காரிலிருந்து பையோடு வெளியே வைத்து, அரை மணி நேரம் பொறுத்துத் திறந்தால் லென்ஸில் பனி படராது. இவற்றில் ஒன்றுக்கும் கூடுதல் செலவில்லை.

கேமரா இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டில் கூகல் நிறுவனத்தின் பிக்சல் 4 கைத்தொலைபேசியில், முக்காலியில் வைத்தால் 4 நிமிடம் வரை ஒளியைச் சேர்த்து விண்மீன்களைப் படமாக்கும் வசதி வந்தது. அதன் பிறகு வேறு பல கைத்தொலைபேசிகளிலும் இத்தகைய இரவு வசதிகள் வந்துவிட்டன. தவணைக் கடனில் இறங்கும் முன், கையில் இருப்பதை வைத்து ஓர் அமாவாசை இரவு முயன்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

மீண்டும் மெர்சிங்

நான்கு நண்பர்களும் அடுத்த பயணத்துக்குத் தேர்ந்தெடுத்தது ஜூன் மாத அமாவாசையை ஒட்டிய இரவு. கிழக்குக் கரைக்கு அது நல்ல பருவம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழையில் அங்கே வானம் திறப்பது அரிது. மேலும், மெர்சிங்கின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருப்பது தென்சீனக் கடல். நகரங்களின் வெளிச்சம் அந்தத் திசையில் இல்லை.

இந்த முறை ஆசிரியரும் வந்தார். வெளிச்சம் இருக்கும்போதே போய் இடம் பார்த்துவிட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். கடல் எதுவரை ஏறும் என்று அங்குள்ள மீனவர் ஒருவரிடம் கேட்டறிந்தார்கள். கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டினார்கள். இருட்டுக்குக் கண் நன்கு பழக இருபது முப்பது நிமிடமாகும். வெள்ளை வெளிச்சம் ஒரு கணம் பட்டாலும் அத்தனையும் வீண். மங்கலான சிவப்பு வெளிச்சம் அந்த அளவுக்குக் கெடுக்காது.

எட்டரை மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிட்டது. ஆனால், வானம் முழுக்க மேகம். ஒன்பது மணியானது, பத்து மணியானது. லேசான தூறலும் வந்தது. தொழில்நுட்பருக்கு மறுபடியும் மனம் தளர்ந்தது, புறப்படலாம் என்றார். திருமணப் படக்காரரும் அதற்கு ஒத்துப் பேசினார். காருக்குச் சொந்தக்காரர் மட்டும், “நான் தினமும் பாலத்தில் இரண்டு மணி நேரம் நிற்கிறேன். இது ஒரு காத்திருப்பா?” என்று சொல்லி, வாங்கி வந்திருந்த நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்தார்.

பதினோரு மணிவாக்கில் மேகம் விலகியது. தென்கிழக்கில் கடலுக்கு மேலே புகைபோல் ஒரு பட்டை எழுந்து நின்றது. மேகம் இன்னும் போகவில்லை என்று தொழில்நுட்பர் அலுத்துக்கொண்டார். “அது மேகமில்லை, அதுதான் பால்வீதி” என்றார் ஆசிரியர். யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

முதல் ஐந்தாறு படங்கள் குவியம் தவறி மங்கலாக இருந்தன. திருமணப் படக்காரர் பொறுமையாக அருகில் நின்று லென்ஸைத் திருப்பக் கற்றுக்கொடுத்தார். கேமராவைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது ஆசிரியருக்குத்தான் தெரிந்திருந்தது. விருச்சிகத்தின் வளைந்த வால் எங்கே, அதற்குப் பக்கத்தில் பால்வீதி தடித்துத் தெரியும் இடம் எங்கே என்று அவர் கைகாட்டினார். அந்தப் பக்கம்தான் பால்வீதியின் மையம். 18 விநாடி, எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200. பின்திரையில் படம் விழுந்தபோது, கண்ணுக்கு வெண்புகையாகத் தெரிந்தது நிறங்களோடும் நடுவே கரும்பிளவுகளோடும் தெரிந்தது. அந்தக் கரும்பிளவுகள் வெற்றிடம் அல்ல. பின்னால் உள்ள விண்மீன்களின் ஒளியை மறைக்கும் தூசு மேகங்கள்.

அன்று எடுத்தவை நாற்பதுக்கும் மேல். தேறியவை மூன்று.

அருந்ததி பார்த்த கதை

தேறிய மூன்றில் ஒன்று பால்வீதிப் படம் அன்று. வடமேற்கில் தாழ்ந்துகொண்டிருந்த சப்தரிஷி மண்டலத்தின் படம். ஏழு விண்மீன்களில் வால் பகுதியின் நடுவில் இருப்பது வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. லென்ஸை 55 மில்லிமீட்டருக்கு நீட்டி, அதே கணக்குப்படி 6 விநாடி வைத்து எடுத்தபோது, இரண்டும் தனித்தனிப் புள்ளிகளாக விழுந்திருந்தன.

தமிழர் திருமணங்களில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கைப் பார்க்காதவர் இல்லை. பட்டப்பகலில், மண்டபத்துக் கூரையைப் பார்த்துக் கைகாட்டுவதும், மணமக்கள் தலையசைப்பதும் வழக்கமாகிவிட்டது. நூற்றுக்கணக்கான திருமணங்களில் அந்தக் காட்சியைப் படம் எடுத்தவர் அந்த நண்பர். அருந்ததியையே அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

தொழில்நுட்பர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுப் பாட்டியிடம் கொடுத்தார். பாட்டி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“கல்யாணத்தன்னிக்கு ஐயர் கையைக் காட்டி, தெரியுதாம்மான்னு கேட்டாரு. வெயிலு கண்ணைக் கூசுது. தெரியுதுன்னு சொல்லிட்டேன். இப்பத்தான்யா பார்க்குறேன்.”

வசிஷ்டரும் அருந்ததியும் ஏறத்தாழ 80 ஒளியாண்டு தொலைவில் இருக்கின்றன. அந்தப் படத்தில் விழுந்த ஒளி அங்கிருந்து புறப்பட்ட காலத்தில், எண்பதைத் தாண்டிய அந்தப் பாட்டி கைக்குழந்தை. இதை ஆசிரியர் விளக்கிச் சொன்னபோது பாட்டி சிரித்தாராம்.

நண்பர்கள் எதற்கு?

சூரியனைத் தவிர்த்த வேறொரு விண்மீன் முதன்முதலாகப் படம் பிடிக்கப்பட்டது 1850-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில். அமெரிக்காவின் ஹார்வர்ட் ஆய்வுக்கூடத்தில் அபிஜித் எனப்படும் வேகா விண்மீனை எடுத்தார்கள். ஷட்டர் நேரம் ஏறத்தாழ 100 விநாடி. அதை எடுத்தது ஒருவர் அல்லர். வில்லியம் பாண்ட் வானியலாளர். ஜான் ஆடம்ஸ் விப்பிள் படக்கலைஞர். ஒருவருக்கு வானம் தெரியும், மற்றவருக்குக் கருவி தெரியும். மெர்சிங் கடற்கரையில் நடந்ததும் அதேதான்.

தனியாக இருந்தால் பத்து மணித் தூறலில் திரும்பியிருப்பார்கள். தனியாக இருந்தால் மேகம் என்று எண்ணிப் பால்வீதியை விட்டிருப்பார்கள். கோத்தா திங்கி – மெர்சிங் சாலை காட்டையும் செம்பனைத் தோட்டங்களையும் ஒட்டிச் செல்வது. யானையும் தாப்பிரும் குறுக்கே வரக்கூடும். தூக்கக் கலக்கத்தில் தனியாக ஓட்டக்கூடிய சாலை அன்று அது. இரவு வானப் படக்கலையில் நண்பர்கள் துணைக்கு மட்டும் அல்லர்; அவர்கள்தான் பாதிக் கருவி.

அதே வேளையில், நண்பர் குழுவுக்கும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். தனியார் நிலத்தில் அனுமதியின்றி நுழையக் கூடாது. கிழக்குக் கரையில் ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரைகள் உண்டு. பொரிந்து வரும் ஆமைக்குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் திசையைக் கடல் என்று எண்ணிப் போய்விடும். அங்கே வெள்ளை விளக்கு அடிப்பது படத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவருவது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெற்றோரின் பங்கு

இரவில் வெளியே போகும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நாளிதழைத் திறந்தால் வரும் செய்திகள் அப்படி. ஆனால், எல்லா இரவையும் ஒரே தராசில் போட்டுப் பூட்டிவிட்டால், நல்ல நாட்டமுள்ள பிள்ளை நாட்டத்தை விட்டுவிடும். இல்லையேல் பொய் சொல்லிவிட்டுப் போகும். ‘போகாதே’ என்பதைவிட ‘யாரோடு, எங்கே, எதற்கு?’ என்று கேட்பது பயன் தரும். முடிந்தால் ஒரு முறை கூடவே போய் வரலாம். மகள்களுக்கும் இதில் நாட்டம் உண்டு. குடும்பமாகப் போனால் அவர்களுக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கும். 1994-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தேசியக் கோளரங்கம் திறக்கப்பட்டதே வானத்தை எல்லாருக்கும் கொண்டு சேர்க்கத்தான். அமாவாசை இரவும் ஒதுக்குப்புறமான ஒரு கடற்கரையும் கட்டணமில்லாத கோளரங்கம்.

தொழில்நுட்பரின் தந்தை இன்னும் தவணைப் பணத்தைப் பற்றி முணுமுணுக்கத்தான் செய்கிறார். ஆனால், அடுத்த அமாவாசை என்றைக்கு என்று நாட்காட்டியைப் பார்த்துச் சொல்பவரும் அவர்தான்.

இன்னொன்றும் வீட்டிலிருந்தே தொடங்கலாம். வாசல் விளக்கு தரைக்குத்தான் தேவை, வானத்துக்கு அன்று. வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி மூடி போடுவது, உறங்கப் போகும்போது தேவையற்ற விளக்கை அணைப்பது, கண்ணைக் கூசும் நீலம் கலந்த வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் சாயல் உள்ள விளக்கைப் போடுவது ஆகியவை மின்கட்டணத்துக்கும் நல்லது, வானத்துக்கும் நல்லது. காற்று மாசும் நீர் மாசும் அகலப் பல்லாண்டு ஆகும். ஒளி மாசு மட்டும் விளக்கை அணைத்த அந்தக் கணமே அகன்றுவிடும்.

தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை விருப்பம் இருந்தோ இல்லாமலோ வானத்தின் கீழே வாழ்ந்தது. அடுத்த தலைமுறை அதை இழந்தது. இப்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு இருட்டைத் தேடிப் போகும் இளைஞர்கள், அறிந்தோ அறியாமலோ, தாத்தா பாட்டி பார்த்த வானத்தைத்தான் மீட்டெடுக்கப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு விலை உயர்ந்த கருவியை வாங்கித் தர வேண்டியதில்லை. அமாவாசை என்றைக்கு என்று சொல்லி, கவனமாகப் போய் வரச் சொல்லி அனுப்பினால் போதும்.